குலுங்காத டின்

எலிசாள்: ...அதுக்குன்னு முட்டாயில போயி பகை தீப்பாளா ஒருத்தி?

மாடம்மாள்: மெதுவாப் பேசு எலிசா. பஸ்ஸுக்கு நிக்கவன் எல்லாம் திரும்பிப் பாக்கான்.

எலிசாள்: கிழக்கேகோட்டை இரைச்சல்ல எவனுக்கு நம்ம பேச்சு கேக்கும்? பழக்கடைய விட்டுட்டு வந்து நிக்கேன், சொல்லு. டின்னுல என்ன செஞ்ச?

மாடம்மாள்: அடுக்கினேன்.

எலிசாள்: முட்டாய யாருளா அடுக்குவா?

மாடம்மாள்: அடியில மஞ்ச. அதுக்கு மேல செவப்பு. அதுக்கு மேல ஆரஞ்சு. மேல பூரா பச்ச. "வழக்கம்போல கலந்து குடுங்கோ சேச்சி"ன்னு காலைல ஸ்கூல் ஜானவி டீச்சர் கேட்டா. சரி டீச்சரேன்னு சிரிச்சிட்டே குடுத்தேன்.

எலிசாள்: பிள்ளைங்க அத வச்சு என்னதான் செய்யும்?

மாடம்மாள்: உள்ள என்ன இருக்குன்னு பாக்கக் கூடாது. குழுவுக்கு ஒருத்தி ஒரு பிடி அள்ளணும். அதுல எத்தன பச்ச, எத்தன செவப்புன்னு எண்ணி, சார்ட்டுல கட்டம் கட்டமா வரையணும். அத வச்சு டின்னு முழுக்க எது எம்புட்டு இருக்கும்னு சொல்லணும். கடசீல மேசையில கொட்டி எண்ணிப் பாப்பாவ. ஸ்டாட்டிஸ்டிக்ஸாம்.

எலிசாள்: நீயே கிளாஸ் எடுப்ப போலிருக்கே.

மாடம்மாள்: எம் மக ஷிஜா எட்டாங் கிளாஸ்ல அவகிட்டதான படிக்கா. வீட்டுல வேற பேச்சு உண்டா? டீச்சர் முட்டாய வெந்நீல போட்டாங்க, பச்சத்தண்ணீல போட்டாங்க, எது சீக்கிரம் கரையுதுன்னு வாட்ச்ச வச்சுப் பாத்தோம்... சோறு போட்டாலும் டீச்சர், சடை பின்னினாலும் டீச்சர்.

எலிசாள்: நல்லதுதான. பிள்ள படிக்குது.

மாடம்மாள்: நேத்து என்ன கேட்டா தெரியுமா? "அம்மா, கொஞ்சம் ஜலம் குடு"ங்கா.

எலிசாள்: ஜலமா...

மாடம்மாள்: சிரிக்காத எலிசா.

எலிசாள்: சிரிக்கல்ல, சிரிக்கல்ல. டீச்சரு ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரி. அந்தப் பேச்சு ஒட்டிக்கிடும். நாளைக்கு ஒன்ன மாமின்னு கூப்பிடுவா, ரெடியா இரு.

மாடம்மாள்: ஒனக்கு வெளையாட்டு. ஆறு மாசமா அவ இந்தக் கடை வாசல மிதிக்கல. முன்னல்லாம் பெல் அடிச்சதும் ஓடி வந்து, இந்த ஸ்டூல்ல இருந்துதான் ஹோம்வொர்க் செய்வா. இப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கமா தலையக் குனிஞ்சிட்டுப் போறா. கூப்பிட்டா கேக்காத மாதிரி.

எலிசாள்: வயசு அப்டி.

மாடம்மாள்: வயசு இல்ல. முட்டாய் விக்கவ மகன்னு சொல்ல வெக்கம். அதே முட்டாய டீச்சர் தூக்கிக் காட்டினா பாடம். நான் தூக்கிக் குடுத்தா...

எலிசாள்: அசூயை பிடிச்சிருக்கு ஒனக்கு.

மாடம்மாள்: ஆமா. பொறாமதான். இருந்துட்டுப் போகுது. பெத்தது நானு.

எலிசாள்: நீதான் ஷிஜா அம்மைன்னு டீச்சருக்குத் தெரியுமா?

மாடம்மாள்: தெரியாது. பி.டி.ஏ கூட்டத்துக்கு அவ அப்பாதான் போவாரு. இன்னைக்கி மேலாபீசுல இருந்து ஆள் வந்து அந்தக் கிளாஸப் பாக்காவளாம். அவிய முன்னால எல்லாப் பிள்ளையும் பச்ச, பச்சன்னு சொல்லும். கொட்டிப் பாத்தா பச்ச கால்வாசி. டீச்சர் மொகம் எப்டிப் போவும்னு...

எலிசாள்: இரி. நல்லா குலுக்கினா கலந்திருமே?

மாடம்மாள்: குலுங்காது. கழுத்து வர திணிச்சு மூடியிருக்கேன். எடம் இருந்தாத்தான குலுங்கும்.

எலிசாள்: ஒன்னப் பகைக்கக் கூடாதுப்பா... எளா, அந்தா வாரா பாரு. கையில டின்னு.

மாடம்மாள்: நீ ஒண்ணும் பேசாத.

ஜானவி: சேச்சி... குடிக்கக் கொஞ்சம் ஜலம் தரேளா?

மாடம்மாள்: வாங்க டீச்சரே. சோடா ஒடைக்கட்டுமா? மொகம் வாடிக் கெடக்கே.

ஜானவி: ஜலம் போதும்.

எலிசாள்: கிளாஸ் எப்டி இருந்துது டீச்சர்?

மாடம்மாள்: எலிசா.

எலிசாள்: சும்மா கேட்டேன்.

ஜானவி: ஆறு குழு. ஆறும் பச்சைதான் ஜாஸ்தின்னு எழுதித்து. ரெண்டு குழு எழுதினப்போ சரின்னு விட்டேன். நாலாவதும் அப்படியே சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துடுத்து. ஆபீஸ்லேர்ந்து வந்தவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுண்டே இருந்தார்.

மாடம்மாள்: பொறவு?

ஜானவி: கொட்டினேன். மேஜை முழுக்க மஞ்சளும் சிவப்புமா... குழந்தேள் சிரிச்சுது. அவரும் சிரிச்சார்.

மாடம்மாள்: அடப் பாவமே.

எலிசாள்: ம்.

மாடம்மாள்: என்ன ம்? பாவம்னுதான சொன்னேன்.

ஜானவி: அது போகட்டும். அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். பின்பெஞ்ச்லேர்ந்து ஒருத்தி எழுந்துண்டா. ஷிஜான்னு பேர்.

மாடம்மாள்: யாரு... எந்த ஷிஜா?

ஜானவி: நேரா மேஜைக்கு வந்து டின்னைக் கையில எடுத்தா. உள்ள எது வரைக்கும் மிட்டாய் மாவு ஒட்டியிருக்குன்னு விரலை விட்டுப் பார்த்தா. "டீச்சர், இதைக் கழுத்து வரைக்கும் நிறைச்சிருக்காங்க. அப்படி நிறைச்சா குலுங்காது. இந்தக் கடையில ஒருநாளும் அப்படி நிறைக்க மாட்டாங்க. இது வேணும்னே செஞ்சது"ன்னா.

எலிசாள்: கர்த்தரே...

ஜானவி: உனக்கு எப்படித் தெரியும்னு வந்தவர் மலையாளத்துல கேட்டார். அவ மலையாளத்துல சொல்லியிருக்கலாம். தமிழ்லதான் சொன்னா. "இது எங்க அம்மா கடை"ன்னு.

மாடம்மாள்: ...எல்லாரும் இருக்கயிலயா?

ஜானவி: நாப்பது குழந்தேளும் இருக்கச்சே.

மாடம்மாள்: எங்க அம்மான்னா சொன்னா?

ஜானவி: எங்க அம்மான்னுதான்.

எலிசாள்: மாடம்மா, இந்தா, ஸ்டூல்ல இரி. இரிங்கேன்ல.

மாடம்மாள்: நான்தான் அடுக்கினேன் டீச்சரே. தெரியாம நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஒங்க மானம் போகணும்னுதான் செஞ்சேன்.

ஜானவி: நான் சண்டை போட வரலை சேச்சி.

மாடம்மாள்: போடுங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. பிள்ள என்ன விட்டு ஒங்க பக்கம் போயிட்டாளேன்னு... என்னப் பாக்க வெக்கப்பட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போறாளேன்னு...

ஜானவி: அது வெக்கம் இல்லை.

மாடம்மாள்: பின்ன?

ஜானவி: பயம். கடையில உங்க பக்கத்துல உக்காந்து அந்த டின்னைப் பார்த்தா வாய் தவறிச் சொல்லிடுவோமோன்னு. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு நான் அவகிட்ட சத்தியம் வாங்கிண்டிருந்தேன்.

எலிசாள்: பிள்ளைய அம்மைக்கிட்டப் பேசாதன்னு சொல்ல நீங்க யாரு டீச்சர்?

மாடம்மாள்: நீ சும்மா இரி எலிசா. எதச் சொல்லக் கூடாதுன்னு?

ஜானவி: சேச்சி... உங்களுக்கு மட்டும்தான் எரிஞ்சுதுன்னு நினைக்காதேங்கோ. பதினேழு வருஷமா கணக்கு சொல்லித்தரேன். "டீச்சர் செய்யறாப்பல"ன்னு ஒரு குழந்தை சொன்னதில்லை. இவ எந்தக் கணக்கைப் போட்டாலும், "எங்க அம்மாவும் இப்படித்தான் செய்வாங்க டீச்சர்"ம்பா. கேட்கக் கேட்க எனக்குப் பத்திண்டு வரும்.

மாடம்மாள்: நான் என்ன கணக்கக் கண்டேன்? அஞ்சாங் கிளாஸோட நின்னவ.

ஜானவி: காலம்பற கடையைத் தொறந்ததும் முதல்ல என்ன பண்ணுவேள்?

மாடம்மாள்: என்ன பண்ணுவேன்... முட்டாய் டின்ன ஒரு குலுக்கு குலுக்கி, ஒரு பிடி அள்ளிப் பாப்பேன். அதுல எந்தக் கலரு கொறச்சலோ, அத மட்டும் சாலை மார்க்கெட்டுல போயி வாங்கிட்டு வருவேன். அம்புட்டையும் கொட்டி எண்ணிட்டிருக்க யாருக்கு நேரம்? ...எதுக்குக் கேக்கிய டீச்சரே?

ஜானவி: ஸ்கூல் தொறந்த மாசம் ஷிஜா என்கிட்ட வந்து அதைத்தான் சொன்னா, இதே வார்த்தையில. அதைத்தான் பாடமாக்கினேன். போன மாசம் ஜில்லா ஸ்கூல் மேளாவுல அந்தப் பாடத்துக்கு எனக்கு முதல் பரிசு கிடைச்சுது. சர்டிபிகேட்டுல என் பேர் மட்டும்தான் இருக்கு.