நேர்க்கோடு கிழித்த கை

காசிமேட்டு மீன் வெட்டும் மகளிர் சங்கத்தின் தலைவி, தலை தாழாத தாய் முத்தம்மா அவர்களே! கடலுக்குக் கணவரை அனுப்பிவிட்டுக் கரையில் அருவாமனையோடு அமரும் அன்னையரே! கையில் கட்டோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் சிலுவையம்மாள் அக்கா அவர்களே! என் மகளை மடியில் ஏந்தியிருக்கும் பவானி அக்கா, அவள் அழுதால் கையைக் காட்டுங்கள், இறங்கி வந்துவிடுகிறேன். அனைவருக்கும் வணக்கம்!

நம் புதிய கூடத்துக்கு நாற்பது அருவாமனைகள். அவற்றுக்குத் திருவொற்றியூர்ப் பட்டறையில் வரைபடம் போட்டவள் யார்? இயந்திரவியல் படித்த இந்த ஆன்சிதான்! நேரான அலகு, நிமிர்ந்த அலகு, சாணை பிடிக்கச் சுலபமான அலகு! கணினித் திரையில் எத்தனை அழகு! (கை தட்டாதீர்கள் அம்மா, கதை இனிமேல்தான்.)

முதல் அலகைச் சோதிக்கச் சிலுவையம்மாள் அக்கா அமர்ந்தார். வஞ்சிரத்தை வைத்து அழுத்தினார். மீன் மேலே வழுக்கியது, உள்ளங்கை அலகில் விழுந்தது. ஏழு தையல்!

அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னாத்துக்கு அழுவுற? படம் போட்டியே, ஒரு மீனாவது வெட்டிப் பாத்தியா? வா, குந்து!"

குந்தினேன். பலகையைக் காலால் மிதித்து, அவருடைய பழைய அருவாமனையில் ஒரு கானாங்கத்தை மீனை வைத்தேன். அப்போது கண்டேன் அந்தக் கணக்கை! இரண்டு கைகளும் மீனைத் தள்ளுகின்றன. வழுக்கும் மீனைத் தடுப்பது எது? வளைவு! நம்மை நோக்கிக் குனிந்த அந்த உள்வளைவு! நேர் அலகில் மீன் ஏறி ஓடுகிறது. வளைந்த அலகிலோ, ஏற ஏற வளைவே அதை மடக்கிப் பிடிக்கிறது. கல்லூரியில் கோணம் படித்தேன். குந்திப் பார்க்கப் படிக்கவில்லையே!

மிச்சம் முப்பத்தொன்பது நேர் அலகுகள் வெளியே லாரியில் நிற்கின்றன. தலைவி கையெழுத்திட்டால் உள்ளே வரும். பட்டறை முதலாளி பாஸ்கல் அண்ணன் கேட்டார்: "வாய மூடிகினு இரும்மா. வேலை பூட்டா இன்னா பண்ணுவ? கைக்கொயந்த கீது."

கீதுதான் அண்ணே! பயமும் கீது! ஆனால் என் ஒரு வேலையைக் காப்பாற்ற எத்தனை உள்ளங்கைகளைப் பலி கேட்பது? ஒன்றா? பத்தா? முப்பத்தொன்பதா?

தாயே, கையெழுத்துப் போடாதீர்கள்! படம் தவறு. போட்டவள் நான். அக்காவின் அலகைக் காகிதத்தில் வைத்து, வளைவு மாறாமல் புதுப்படம் வரைந்து வந்திருக்கிறேன். இதைச் செய்யச் சொல்லுங்கள்!

என்ன தலைவி அவர்களே? சத்தமாகச் சொல்லுங்கள்... "லாரிய திருப்பச் சொல்லு"வா?

கேட்டீர்களா! பேனாவை மூடிவிட்டார்!

ஓட்டுநர் அண்ணே, வண்டியைத் திருப்புங்கள்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இங்கே மீன் வெட்டும் ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்!