பன்னிரண்டு படி

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. இந்த மாடிக்கு வருகிற எல்லோரும் முதலில் உட்காரத்தான் செய்கிறார்கள். தண்ணீர் அந்தக் கூஜாவில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்கு வர என் முழங்கால் இடம் கொடுக்காததால், இங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் சோமசேகரன், வயது எழுபத்தொன்று. நெடுங்காட்டில் பிறந்து, பத்து வயதில் சாந்துச் சட்டி தூக்கி, முப்பதில் மேஸ்திரியானவன். காரைக்காலில் இந்த வீட்டை என் கையால் கட்டினேன். கீழே நான். மேலே முப்பத்தெட்டு வருஷமாக ஜோசெஃபின் மதாம் குடியிருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் விதவை, எண்பத்திரண்டு வயது. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பார், நன்றாக இருக்கும்.

வீட்டை இடித்துவிட்டு, திருநள்ளாறு வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்ட நினைத்தேன். காலி பண்ணச் சொன்னேன். அவர் நகராட்சிக்கு எழுதிப்போட்டார். இஞ்சினியர் வந்து பார்த்தார். நெடுநாள் குடியிருக்கும் முதியவரை வெளியேற்றக் கூடாது, தேய்ந்த மாடிப்படியை முதலில் புதுப்பித்துக் கொடுங்கள் என்று நோட்டீஸ் நீட்டினார். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். புதுப்பித்தேன்.

மதாம் வருஷத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு பென்ஷனைக் காப்பாற்றிக்கொள்ள புதுச்சேரி போவார். தங்கை வீட்டில் பத்து நாள் தங்குவார். அதற்குள் பழைய படிகளைக் கொத்தி எடுத்தேன். ஆறு அங்குல உயரத்தில் இருபது படி இருந்தது. புதிதாகப் பத்து அங்குல உயரத்தில் பன்னிரண்டு கட்டினேன். மட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு நூல் பிசகாது. இஞ்சினியர் கீழே நின்றே எண்ணினார். இருபது பன்னிரண்டாகிவிட்டதே, பெரியவர்களுக்கு இப்படித்தான் சுமையைக் குறைக்க வேண்டும் என்று பாராட்டிவிட்டுப் போனார். ஏறிப் பார்க்கவில்லை.

மதாம் திரும்பி வந்தார். பையை ஒரு படி மேலே வைப்பது, தான் ஒரு படி நகர்ந்து உட்காருவது என்று முக்கால் மணி நேரம் ஏறினார். உச்சியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க மேஸ்திரி. மேல வந்தா சாமியைப் பக்கத்துல பாக்கலாம்போல," என்றார். என் வேலையை யாராவது புகழ்ந்தால் எனக்குக் கூச்சமாகிவிடும்.

ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற மனசு வராது, தங்கையிடமே போய்விடுவார் என்று நினைத்தேன். அந்த அம்மா இறங்கவே இல்லை. நாலு மாதம். மாதா கோயிலுக்குக்கூட இல்லை. ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை விடுவார். கிளிஞ்சல்மேட்டு மீன்காரி மாரிக்கண்ணு அதில் மத்தியும் ரொட்டியும் போட்டு அனுப்புவாள். போகிறபோக்கில் என்னைப் பார்த்து, "ஏன் மேஸ்திரி, மனுஷிக்கு வீடு கட்டுனீங்களா, புறாவுக்குக் கூண்டு கட்டுனீங்களா?" என்பாள். பிறகு அவள் உறவில் ஒரு கல்யாணம் என்று வெளியூர் போனாள்.

கயிறு நைந்திருந்தது. கூடை யார் தலையிலாவது விழுந்தால் வீட்டுக்காரன்தானே பொறுப்பு. அறுத்துவிட்டேன்.

மூன்று நாள் மேலே சத்தமே இல்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. காலி செய்ய சம்மதம் என்று எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறாரா என்று பார்க்க ஏறினேன்.

பதினோராவது படியில் முழங்கால் 'களக்' என்றது. சாந்து சுமந்த கால். மதாம்தான் தரதரவென்று இழுத்துவந்து இந்தக் கட்டிலில் கிடத்தினார். கடைசியாக இருந்த ரொட்டியைக் காபியில் நனைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். என் அலறலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கூப்பிட்ட ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு நாலு படி ஏறிப் பார்த்தார்கள். இதில் ஒருவரை இறக்கினால் மூன்று பேருக்குக் கட்டுப்போட வேண்டிவரும் என்று ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாரிக்கண்ணு ஊரிலிருந்து வந்து புதுக் கயிறு கட்டிக் கொடுத்தாள். உங்களிடம் புகார் கொடுத்தவளும் அவள்தான்.

இன்றோடு ஒன்பது நாள். நேற்று மதாம் ஒரு தாளை எழுதி என் மடியில் வைத்தார். "முப்பது நாள் டைம் தர்றேன் மேஸ்திரி. இது நான் குடியிருக்குற வீடு. நீங்க கெளம்புங்க."

படியை உயர்த்தியது நான்தான். கயிற்றை அறுத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கீழே என் புகாரையும் ஒரு வரி சேருங்கள் ஐயா. எழுபத்தொரு வயதுக்காரனை, காலும் போனவனை, இந்தப் படியில் இறங்கிப் போ என்று சொல்ல ஒருத்தருக்கு எப்படி மனசு வரும்?