ஓக்கா, தகரமா

— தகர மூடியே போதுங் மாமா. ஓட்டை மேல வெச்சா அதுபாட்டுக்கு உக்காந்துக்கும்.

— ஏனம்மிணி, இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊருக்குக் குடி வந்த நாள்ல இருந்து மரத்தரை, மரத்தரைன்னு பாடுனது யாரு? நீதானே நாகமணி?

— தரை மரந்தானுங்களே. ஹீட்டர் காத்து வர்ற ஓட்டைக்கு எதுக்குங் ஓக் மரத்துல மூடி?

— பாரு, இந்த ஓக் மூடியைக் கையில புடி. பலகையோட பலகையா சமமா உக்காரும். காலை இடறாது, வேக்குவம் கிளீனர் தட்டாது. தகரம் மேல துருத்திட்டு நிக்கும், பட்டு வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி.

— துருத்துனா துருத்திட்டுப் போகுது.

— பின்னாடி மாத்திக்கலாம்னு நெனைக்காதே. பலகை அடிக்கும்போதே இதையும் சேத்து ஃபிட் பண்ணணும். ஆளுங்க நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துருவாங்க.

— அப்ப லிவிங் ரூம்ல இருக்கற மூணு ஓட்டைக்கு மட்டும் ஓக். மத்த எட்டுக்கும் தகரம்.

— பதினொண்ணும் ஓக்! இன்னும் முப்பது வருசம் இந்தத் தரையில நடக்கப் போறோம். நம்ம தென்றலுக்கு மாப்பிள்ளை பாக்க வர்றவங்க இதுமேலதான் உக்காரப் போறாங்க.

— அவளுக்கு ஏழு வயசுங்.

— அதான் சொல்றேன். ஓக் தாங்கும்.

— வேண்டாங் மாமா. கடை வண்டியைத் தள்ளுங்க, பின்னாடி ஆள் நிக்குது பாருங்க.

— காரணம் சொல்லு, தள்ளறேன்.

— நாமளே இருக்கப் போகாத வீட்டுக்கு இத்தனை ஜோடனை எதுக்குங்?

— என்ன?

— கோவிச்சுக்கப்படாது. மூணு வாரத்துக்கு முன்னால பேஸ்மென்ட்ல நின்னுட்டு உங்க சிநேகிதர் நெடுஞ்செழியன் அண்ணங்கிட்ட போன் பேசுனீங்கல்ல? நான் மேல டைனிங் ரூம்ல பழைய கார்பெட்டைப் பிச்சுட்டு இருந்தேன். மூடியைக் கழட்டி வெச்சிருந்தேனா, பேசுனது அத்தனையும் அந்த ஓட்டை வழியா மேல வந்துருச்சுங்.

— அத்தனையுமா?

— நாட்டோட அந்தக் கோடியில, சான் ஹோசேல வேலை குடுத்திருக்காங்க, சிப் டிசைன், பதினஞ்சு வருசமா இதுக்குத்தான் தவங் கெடந்தேன்னு சொன்னீங்க. அப்பறம், "நாகமணி ஆஸ்பத்திரி லேப்ல இப்பத்தான் சூப்பர்வைசர் ஆயிருக்கா, எந்த மூஞ்சிய வெச்சுட்டு வான்னு கூப்புடுவேன்"னு கேட்டீங்க. அன்னைக்கு ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன். நீங்களும் ஒண்ணுஞ் சொல்லாம ரெண்டு டம்ளர் குடிச்சீங்க.

— அம்மிணி, அது வந்து...

— இருங்க, நான் முடிச்சுக்கறேன். உங்ககிட்டச் சொல்லாம அங்க ரெண்டு ஆஸ்பத்திரிக்கு அப்ளை பண்ணேன். போன்லயே இன்டர்வியூ. ஒண்ணு கெடச்சிருச்சுங்! ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னுருங்கற இந்த ஒய்டூகே கூத்தெல்லாம் முடிஞ்சு ஜனவரில வந்து சேரச் சொல்றாங்க. இங்க வேலையை விடறேன்னு இன்னிக்கு மத்தியானம் லெட்டரும் குடுத்தாச்சு.

— குடுத்தே போட்டியா?

— குடுத்தே போட்டேன். நீங்க ஆசைப்பட்டது ஒண்ணாச்சும் நடக்கட்டுமேன்னுதானுங். ஏனுங், சிரிக்கறீங்களா, அழுகறீங்களா?

— எனக்கே தெரியல நாகமணி. அந்த சிப் டிசைன் வேலை வேண்டாம்னு நேத்தே அவங்களுக்குச் சொல்லிட்டேன். ஆபீஸ்ல இருந்து பேசுனேன். அங்க தரையில ஓட்டை இல்ல.