விழுந்த பின்னும் வாசித்த கிற்றார்

எனது பெயர் அலெக்ஸாண்டர் நிலாணி. வயது பதினான்கு. மோர்னிங்சைட் வீதியில் உள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில், 907ஆம் இலக்க வீட்டில், அப்பா அம்மாவுடன் வசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறேன். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்பா கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி அலுமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்து இந்த ஒழுங்கில் எழுதுகிறேன். நீக்கிலாப்பிள்ளை மாமாவும் வாசிக்கவேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இன்று 1996 ஒக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. குளியலறைக்குள் இருந்து எழுதுகிறேன், கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. யாராவது தட்டினால் நிறுத்திவிட்டுத் தொடர்வேன்.

இறந்துபோன கிறிஸ்துநாயகம் அங்கிள் எங்கள் இசைக்குழுவின் தலைவர். கவ்போய் தொப்பியும் நீளச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, கொன்றி என்கிற இந்த நாட்டு நாட்டுப்புறப் பாட்டு மெட்டில் தமிழில் பாடுவது எங்கள் குழுவின் வழக்கம். அப்பா கீபோர்ட் வாசிப்பார், ஒலியமைப்பையும் பார்ப்பார். என் அம்மா றோஸ்மேரி பின்னணி பாடுவார். நீக்கிலாப்பிள்ளை மாமா கிற்றார் வாசிப்பார். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை, மாமா என்று கூப்பிடுவேன். இந்த இலையுதிர்காலத்தில் மொன்றியல், ஒட்டாவா, கிச்சினர் என்று ஒரு வான் வண்டியில் போய் வந்தோம். எல்லா இடத்துக்கும் நானும் போனேன்.

போலீசாருக்கு யாரும் சொல்லாத விடயம் இது. கிறிஸ்துநாயகம் அங்கிளுக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அவர் மேடையில் சிவப்புக் கிற்றாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கையை ஆட்டுவார். பின்னால் உள்ள கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்து மாமா வாசிப்பார். சிவப்புக் கிற்றாரின் வயரை அம்பிளிபயர் வரைக்கும் இழுத்து, அதன் நுனியைச் செருகாமல் பின்னால் ஒளித்துவைப்பது என் வேலை. சபைக்குச் செருகினமாதிரித் தெரியவேண்டும். அதை நான் நன்றாகச் செய்வேன். மொன்றியலில் அங்கிளுக்குப் பொன்னாடை போர்த்தி 'கிற்றார் வேந்தன்' என்று பட்டம் கொடுத்தார்கள். மாமா அப்போது திரைக்குப் பின்னால் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதே மொன்றியல் மண்டபத்தில் அம்பிளிபயர் இரைந்தது. சுவரில் பிளக் செருகும் இடத்திலும் இரண்டு ஓட்டைதான் இருந்தது. அப்பா மாமாவிடம், "உந்த மூண்டாவது காலை வெட்டிவிடும், இரைச்சல் நிக்கும். ஒண்டும் நடக்காது" என்றார். மாமா குறட்டால் பிளக்கின் வட்டக் காலை, கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு அனுப்புகிற காலை, வெட்டினார். இரைச்சல் நின்றது. அதன் பின் அந்த அம்பிளிபயரோடு கிற்றார் வாசிக்கும்போது கை விறைக்கிறது என்று மாமா சொன்னார். "றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசியும்" என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து மாமா கவ்போய் உடுப்புக்கு நீல றப்பர் செருப்புப் போட்டார். கிச்சினரில் நானும் அந்த அம்பிளிபயர்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் விறைத்தது.

ஒக்டோபர் 19ஆம் திகதி சனிக்கிழமை மோர்னிங்சைட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கடைசி நிகழ்ச்சி. பின்னேரம் நான்கு மணியளவில் ஒத்திகை நடந்தபோது, தனக்கு ஒரு பாட்டாவது தனியாகத் தரும்படி அம்மா கேட்டார். அதற்கு அங்கிள், "றோஸ்மேரி, உம்மடை குரலுக்குப் பின்னுக்கு நிண்டு 'ஆ' எண்டு இழுக்கிறதுதான் அளவு. முன்னுக்கு வந்தீரெண்டால் சனம் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் கூடுதலாகச் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி கழுவும் அறைக்குப் போனார். பதினைந்து நிமிடம் வரவில்லை. அதன் பின் அங்கிள் திரையை விலக்கி, "நீக்கிலா, உள்ளுக்கை இருந்து தும்மிப்போடாதை, என்ரை பேர் கெட்டுப்போம்" என்றார். மாமா, "உங்கடை பேரை நான்தானே அண்ணை வாசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிள் அவரைக் கெட்ட வார்த்தையால் ஏசினார்.

ஆறரை மணிக்கு நான் வழமைபோல வயரை இழுத்துக்கொண்டு போனேன். அன்று அதன் நுனியை ஒளித்துவைக்காமல், மாமாவின் வயருக்குப் பக்கத்தில் இருந்த மற்ற ஓட்டையில் செருகினேன். சிவப்புக் கிற்றாரின் சத்தத்தையும் முழுதாகக் கூட்டிவிட்டேன். அங்கிளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஒருமுறை எல்லோரும் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவருடைய கையும் கொஞ்சம் விறைக்கட்டும் என்றும் நினைத்தேன். அதையும் எழுதவேண்டும். செத்துப்போவார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிற்றாரின் கம்பியில் வரும் மின்சாரம், மைக்கில் உதடு முட்டப் பாடுகிறவரின் உடம்புக்குள்ளால் பாயும் என்று, நேற்றுப் பள்ளிக்கூட நூலகத்தில் படித்துத்தான் அறிந்தேன்.

ஏழு ஐந்துக்கு முதல் பாட்டு தொடங்கியது. அந்தப் பாட்டின் தொடக்கத்திலேயே அப்பா கீபோர்டில் ஒரு வெடிச்சத்தம் போடுவார். அங்கிள் மைக்கில் "ஐயோ" என்று சொல்லி முழங்காலில் விழுவார். துப்பாக்கிச் சூடுபட்ட கவ்போய் எழும்பிப் பாடுவதுதான் பாட்டு. அப்பா வெடிச்சத்தம் போட்டார். அங்கிள் கம்பிகளைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்தார். "ஐயோ" என்று சொல்லவில்லை. முழங்காலில் அல்லாமல் நேரே முகம் குப்புற விழுந்தார். தொப்பி முன்வரிசைக்கு உருண்டு போனது. சபை எழும்பி நின்று கைதட்டியது. "இண்டைக்கு நல்லாய் விழுந்தான்" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். திரைக்குப் பின்னால் இருந்த மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் தொடர்ந்து வாசித்தார். அங்கிள் விழுந்து கிடக்க, அங்கிளின் கிற்றார் ஏறக்குறைய இரண்டு நிமிடம் மிக நன்றாக வாசித்தது. முந்நூறு பேர் அதைக் கேட்டார்கள். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீடியோக்காரர் அந்த நேரம் பிரமுகர்கள் சாப்பிடுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். படம் பிரயோசனப்படாது. சத்தத்தைக் கேட்கவும்.

அம்புலன்ஸ் வந்து கொண்டுபோன பின் போலீசார் வந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அதற்கு முன் அங்கிளின் மனைவி மக்டலீன் அன்ரி அழுதுகொண்டே அப்பாவின் கையைப் பிடித்து, "அவர் வாசிக்கத் தெரியாத மனிசன் எண்டு மட்டும் வெளியிலை விட்டிடாதேங்கோ" என்று கேட்டார். அப்பா ஓம் என்றார். அதன் பின் அதிகாரி அப்பாவைக் கேட்டார். "கிறிஸ்துநாயகம் அண்ணைதான் வாசிக்கிறவர். அவரின்ரை வயர் எப்பவும் செருகித்தான் இருக்கும். பிளக்கை வெட்டினது நீக்கிலாப்பிள்ளை" என்று அப்பா சொன்னார். வெட்டச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. நான் மொழிபெயர்த்தேன். அதன் பின் வயர்களைச் செருகியது யார் என்று மாமாவைக் கேட்டார்கள். மாமா அம்பிளிபயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை. அப்பிடியே சொல்லு" என்றார். நான் அப்படியே சொன்னேன்.

மறுநாள் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கிளின் கிற்றார் எப்போதும் செருகியிருக்கும் என்று தெரிந்தே பிளக்கை வெட்டினார் என்றும், தான் தப்புவதற்கு றப்பர் செருப்புப் போட்டார் என்றும் சொல்கிறார்கள். செருப்பை ஒரு பையில் போட்டு இலக்கம் ஒட்டினார்கள். இந்த நாட்டில் தங்குவதற்கான பேப்பர் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா தொலைபேசியில் சொன்னதைக் கேட்டேன்.

சென்ற வியாழக்கிழமை, நான் செருகியதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி களைந்தார். "நீ ஒண்டும் செய்யேல்லை. அவர் தனி ஆள். பிள்ளையா குட்டியா. எங்களுக்கு நீ இருக்கிறாய்" என்றார். பிறகு, "கொப்பரிட்டைச் சொல்லாதை" என்றார். அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அன்றிலிருந்து வயர்ப் பெட்டியை அவர் என்னைத் தொடவிடுவதில்லை. நவம்பரில் கிற்றார் வேந்தன் நினைவு நிகழ்ச்சி வைக்கிறார்கள். அப்பாதான் தலைவர். அம்மா ஏழு பாட்டுத் தனியாகப் பாடுகிறார். நல்ல குரல். இப்போதும் சமைக்கும்போது பாடிப் பார்க்கிறார்.

மேலே உள்ளவற்றை என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்றுதான் அம்மா சொன்னார். இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன், எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. அன்று மண்டபத்தில் மற்றவர்கள் சொன்னதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். நாளைக் காலை இதைப் பள்ளிக்கூட அலுவலகத்தில் கொடுத்துப் போலீசாரைக் கூப்பிடச் சொல்வேன். இதை ஆங்கிலத்தில் ஆக்குவதற்கு வேறு ஒருவரைக் கூப்பிடவும்.

(ஒப்பம்)
அ. நிலாணி