பேச்சியம்மாவின் கட்டைவிரல்

கிட்ட வந்து உட்கார், ஜெயந்தினி. நீ குடிவரப் போகிற அறைக்கு ஒரு கதை உண்டு. சாவியைக் கையில் தருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

டிக்கோயா ரோட்டில் இந்த நான்கு அறைகளையும் வங்கிக் கடனில்தான் கட்டினேன். கடைசி அறைக்குப் பேச்சியம்மா வந்தாள். அறுபது வயது வரை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள், பிள்ளை இல்லை. வேலை முடிந்ததும் தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பிராவைத் தம்பி செல்லசாமியின் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, கைக்கு வந்த சேமலாபப் பணம் முழுவதையும் என்னிடம் கொடுத்து ஐந்து வருஷக் குத்தகை எழுதிக்கொண்டாள்.

"இனி யாரும் என்னைய எழும்பச் சொல்ல ஏலாதுங்கக்கா" என்று சிரித்தாள். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வருவாள். கூடப் பிறக்காத தங்கச்சி என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு வட்டி ஏறியது. எல்லாரும் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம்தான். தவணையைக் குறைத்துக் கடனை மாற்றி எழுத வங்கி சம்மதித்தது. ஒரே நிபந்தனை, கட்டடத்தில் நீண்ட குத்தகை எதுவும் இருக்கக் கூடாது. சிங்களம் நானாகவே எழுதப் படிக்கக் கற்றவள். ஒரே வாசகத்தை இரண்டு தாளில் எழுதினேன்: பேச்சியம்மா பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள், குத்தகையை விட்டுவிட்டாள், இனி மாதா மாதம் என் தயவில் இருப்பாள்.

"என்னா கடுதாசிக்கா இது?"

"கரண்டு மீட்டருக்குத்தான் புள்ள."

"குடுங்க, குடுங்க. தோட்டத்து ஆபீசுல ஐயா நீட்டுனதுல எல்லாம் கேள்வி கேக்காம வச்ச வெரலுதானே. ஆனா கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகையே தேஞ்சு போச்சு. ஒங்களுக்கு மைதான் நட்டம்."

சொன்னபடியே வெறும் நீலத் திட்டுதான் விழுந்தது. போதும் புள்ள என்று அனுப்பினேன்.

கடன் மாறியது. ஆனால் குறைந்த தவணையும் தவணைதானே. ஒரு ஆசிரியர் அந்த அறைக்கு நல்ல வாடகை தருவதாகச் சொன்னார். பேச்சியம்மாவுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருந்தால் ஏதாவது செய்திருப்பேன். அழவில்லை. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலையையே கட்டிக்கொண்டு மத்தியஸ்த சபைக்குப் போனாள்.

அங்கே நான் காட்டிய தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல கோடு கோடா நல்லாத் தெரியுதேங்க ஐயா. என் வெரல்ல ஏதுங்க ரேகை?" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சபையில் இணக்கம் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். வக்கீலுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் என்னிடம் இருந்தது.

தம்பியின் காம்பிராவில் ஏழு பேர். அதனால் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை மறைப்பாகக் கட்டிப் படுத்தாள். ஆடி மழை அந்தப் பக்கம்தான் அடிக்கும். சளி கட்டியது. ஆவணியை அவள் பார்க்கவில்லை. கோடிச் சேலை நான்தான் எடுத்துப் போனேன். செல்லசாமி அதை வாங்காமல் உள்ளே போய்விட்டான். நனைந்த சேலையோடு திரும்பி வந்தேன்.

அவள் சபையில் சொன்னது உண்மைதான், மகள். அன்று அவள் போன பிறகு இரண்டாவது தாளில் பதிந்தது என் கட்டைவிரல். ஆனால் அக்கா என்று கூப்பிட்ட வாயால் அதை நாலு பேர் முன்னால் சொல்லலாமா? வீட்டுக்குள் வந்து என் காதோடு சொல்லியிருக்கலாமே. என்னால் தாங்க முடியாமல் போனது அந்தத் துரோகம்தான்.

ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். நீ படித்த பிள்ளை, கையெழுத்தே போடுவாய். தாள் சிங்களத்தில் இருக்கிறது. அதில் உள்ளதை நான் சொல்கிறேன். உன் அறையில் பால் பொங்கி வழியட்டும். பிள்ளைகள் சளி காய்ச்சல் இல்லாமல் வளரட்டும். என்னை மறக்காத குடும்பமாக, நீங்கள் எல்லாரும் இங்கேயே நூறு வருஷம் நல்லா இருங்கள்.