மிச்சம் வைக்காத ஒரு டம்ளர்

தாலி கட்டியாச்சு, இலை போட இன்னும் நேரம் கிடக்கு... அதுக்குள்ள உங்களுக்கு ஒரு கதை. சின்னதுதான், பயப்படாதீங்க.

பொண்ணோட அப்பா பூல்பாண்டியும் நானும் பட்டாளத்துல ஒண்ணா இருந்தோம். பனிமலை உச்சியில ஒரு காவல் கூடாரம், நாங்க ரெண்டே பேரு. சுத்தி எங்க பாத்தாலும் பனி. ஆனா குடிக்கத் தண்ணி?

வெள்ளையா இருக்கேன்னு அள்ளித் தின்னா வயிறு போயிரும். உருக்கணும், துணியில வடிக்கணும், கொதிக்க விடணும். குமிழி வந்ததும் இறக்கிரவும் கூடாது. அந்த உயரத்துல சூடு முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே தண்ணி கொதிச்சிரும். அதனால இன்னும் மூணு நிமிஷம் பொறுத்துத்தான் இறக்கணும்.

அதவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. காஞ்ச சட்டியில வெறும் பனியப் போட்டா லேசுல உருகாது... சட்டிதான் தீயும். அடியில ஒரு டம்ளர் தண்ணி ஊத்திட்டுத்தான் பனியப் போடணும். அதுக்காகவே கடைசியாக் குடிக்கிறவன் பிளாஸ்க்குல ஒரு டம்ளர் மிச்சம் வைக்கணும். அங்க அது எழுதாத சட்டம்.

ஒருநாள் சீட்டு விளையாடயில எங்களுக்குள்ள சண்ட. மூணு நாள் பேச்சில்ல. நாலாம் நாள் காலையில நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மிச்சம் இருந்த அந்த ஒரு டம்ளரையும் குடிச்சிட்டுக் காவலுக்குப் போயிட்டேன். தாகத்துல இல்ல... வீம்புல.

இவன் காஞ்ச சட்டியில பனியப் போட்டிருக்கான். சட்டி தீஞ்சு, பாதி உருகினத அப்படியே குடிச்சிட்டான். மறுநாள் வாந்தி, வயித்தால. வயர்லெஸ்ல கேட்டா, காத்து அடங்கினாத்தான் ஹெலிகாப்டர் வரும்னுட்டாங்க. கண்ணு குழிவிழுந்து கிடக்கான்.

பிளாஸ்க்குல தண்ணி இல்ல... எப்படி இருக்கும்? சிறு தீயில, கைப்பிடி கைப்பிடியாப் பனியப் போட்டுக் கிளறினேன். முதல் டம்ளர் சேரவே ஒரு மணி நேரம் ஆச்சு. நான் வீம்புக்குக் குடிச்சேனே, அதே ஒரு டம்ளர். அப்புறம் அதுல மிச்சப் பனியப் போட்டு உருக்கி, வடிச்சு, கொதிக்க வச்சு, உப்பும் சீனியும் போட்டுக் கரண்டி கரண்டியா ஊட்டுனேன்.

கண்ணத் தொறந்தான். திட்டப்போறான்னு பாத்தேன். மெதுவாச் சொன்னான்:

"ஏல ஞானதுரை... எல்லாத்தையும் எனக்கே ஊத்திராத. பிளாஸ்க்குல ஒரு டம்ளர் வையி. நாளைக்கு நீயும் குடிக்கணும்லா."

நான் அழுதுட்டேன்யா. ரெண்டு நாள் கழிச்சுக் காத்து அடங்குச்சு, ஹெலிகாப்டர் வந்துச்சு, ஆளு பொழச்சுக்கிட்டான். அந்தா, முன்வரிசையில துண்டால கண்ணத் தொடைக்கான் பாருங்க.

அனுசுயா... மாப்பிள்ளை செந்தூர்வேல்... சண்ட போடாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். போடுங்க. உங்கள்ல ஒருத்தர் பனியா உறைஞ்சுபோற நாளு கட்டாயம் வரும். அன்னைக்கு இன்னொருத்தர் மனசுல ஒரு டம்ளர் ஈரம் மிச்சம் இருக்கணும். இல்லன்னா எவ்வளவு சூடு வச்சாலும் தீயுமே தவிர உருகாது. எவ்வளவு கோவம் வந்தாலும் அந்தக் கடைசி டம்ளர மட்டும் குடிச்சிராதீங்க.

நான் குடிச்சேன். அன்னைக்கு இந்த அனுசுயா ஆறு மாசக் கைக்குழந்த... அவ அப்பன் அதுவரைக்கும் அவள போட்டோவுலதான் பாத்திருந்தான்.