சவுதிக்குப் போன அயாஸ்

அதுல ஏறாத அயாஸு, அது மாபலிபுரம் போற பஸ்ஸு. நம்ம வூடு இப்போ கேளம்பாக்கத்துல கீது. ஏன் சொல்லலன்னு பாக்காத. நீ பதில் போட்டா, ஜெயில் முத்திரையோட அந்தப் புது வூட்டு வாசல்ல வந்து நிக்கும். அதனாலதான் வக்கீல் அட்ரசுக்கே போடச் சொன்னேன். திருப்போரூர் வழியா ஒண்ணு வரும், ஒக்காரு. டீ சொல்லட்டா? சரி, வேணாம்னா வுடு.

காலைல வேலூர் ஜெயில் வாசல்லேந்து நேரா பஸ் ஏத்திட்டேன். இங்க வர்ற வரைக்கும் பஸ்ல நீ தூங்கிட்ட. இப்பவாவது சொல்லிடறேன், கேளு.

பள்ளிக்கூடம் போவாதவன்னாலும், பேப்பர வரி வுடாம படிச்சு சட்டம் தெரிஞ்சுகினவன் உன் அத்தா நான். அந்த அறிவு பெத்த புள்ளைக்கு ஒதவலங்கறதுதான் பேஜாரு. தொண்ணூத்திமூணுல, ஓட்டல் வச்சிருந்த அருணகிரி ஒரு பொட்டலத்த நீட்டி, வெள்ளக்காரன் ரூம்ல குடுத்துட்டு வாடான்னான். அங்க வேலைக்கு நின்ன நீ, பீடா கொண்டுபோறாப்ல கொண்டுபோன. உள்ள பிரவுன் சுகர், போதப்பொடி. வித்தவனுக்கு வயசு நாப்பது, தூக்கினு போனவனுக்கு பதினேழு. பதினாறு தாண்டின பையன் பெரியவன்தான்னு சொல்லுச்சு அன்னிக்கு இருந்த சட்டம். ரெண்டு பேருக்கும் பத்து வருசம். ஜட்ஜய்யா கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு சொன்னாரே, நெனப்பு கீதா? இந்தப் பையனுக்கு ஒரு நாளு கொறைக்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லைன்னு. வக்கீலுக்குப் பாவமா இருந்துச்சு, புடிச்ச போலீசுகாரருக்கே பாவமாத்தான் இருந்துச்சு. பாவம் பாத்தவங்க எல்லாரும் சேந்துதாம்ப்பா உன்ன உள்ள அனுப்பினோம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால சட்டத்த மாத்தினாங்க. பொட்டலத்து அளவப் பாத்துதான் தண்டனைன்னாங்க, பதினெட்டு வரைக்கும் சிறுவன்னாங்க. பேப்பர எடுத்துகினு வக்கீலாண்ட ஓடினேன். அது இனிமே மாட்றவங்களுக்கு பெரியவரே, முடிஞ்ச கேசுக்கு இல்லன்னுட்டாரு. நீ உள்ள இருக்கசொல்லவே உன் குத்தம் சின்னதாயிடுச்சு. தண்டனைதான் சின்னதாவல.

நீ உள்ள போன பொறவு பழைய எடத்துல தல காட்ட முடியல. கேளம்பாக்கம் வந்தோம். சாமான் எறக்கறதுக்குள்ள பக்கத்து வூட்டம்மா, பையன் எங்கன்னு கேட்டுச்சு. உங்கம்மா யோசிக்காம சவுதின்னுட்டா. நம்ம ஜனத்துல வயசுப்பையன் வூட்ல இல்லன்னா வேற எங்க இருப்பான்? எந்த ஊருன்னாங்க, தம்மாம்னேன். லீவுக்குக்கூட வரலியேன்னாங்க. அரபி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுகினு வுட மாட்டேங்கறான்னேன். ஐயோ பாவம்னு தெருவே பரிதாபப்பட்டுச்சு. நெஜத்த சொல்லியிருந்தா அதுல கால்வாசி கெடச்சிருக்குமா?

சிரிக்கறியா? சிரி, நல்லதுதான்.

வெள்ளிக்கெழம உன் தங்கச்சி ஆயத்துக்கு நிக்காஹ். அதான் லெட்டர்ல எழுதினேனே. மாப்ள மதுராந்தகத்து அரிசி மண்டிக்காரங்க வூட்டுப் பையன். கௌரவமான ஜனம். சவுதி மச்சான் வந்துட்டாரா வந்துட்டாரான்னு கேட்டுகினே கீறாங்க. இந்தா, இந்தப் பையில சென்ட்டு, பாதாம்பருப்பு, போர்வை எல்லாம் கீது, பர்மா பஜார்ல வாங்கினது. வேற சட்டையும் கீது, கட்டணக் கழிப்பறைல போயி மாத்திகினு வா. யாராவது அரபில பேச்சு குடுத்தா, தலவலின்னு உள்ள போயிடு.

ஆயத்துக்குத் தெரியுமாவா? நீ போனப்ப சின்னப்புள்ள. எல்லாம் தெரியும். தெரியாத மாரியே வளந்துட்டா.

அம்மாவா? வாசல்ல நிப்பா. அழுவக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி வச்சிருக்கேன். சவுதிலேந்து சம்பாதிச்சுகினு வர்ற புள்ளையப் பாத்து அப்டி யாரு அழுவா?

இன்னாது? ஒரு சின்னக் கடை வச்சுகினு, எங்களோடயே இருந்துடறியா?

தோ, பஸ் வந்துடுச்சு. பையக் குடு. ஜன்னலோரம் ஒக்காரு, காத்து வரும். சட்டைய திருப்போரூர்ல எறங்கி மாத்திக்கலாம்.

இல்லப்பா, நீ கேட்டதுக்கு பதில் சொல்லாம இல்ல. ஆயத்து அந்த வூட்ல காலம்பூரா வாழணும். சவுதிலேந்து வர்றவங்களுக்கு லீவு ரெண்டு மாசந்தான் அயாஸு. அது முடிஞ்சதும் நீ பெட்டியோட கெளம்பியாகணும், தெருவே வந்து வழியனுப்பும். எங்க போறதுன்னுதான் நானும் யோசிச்சுகினு கீறேன்.